வண்டி தட்டுகிறது, அலைகிறது, இழுக்கிறது: சஸ்பென்ஷன் தேய்மானத்தை அறிகுறி பார்த்துப் பிடிக்கும் வழி

சஸ்பென்ஷன் பாகம் எதுவும் ஒரே நாளில் போவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கிறது, ஓட்டுகிறவரும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொள்கிறார். வேறு யாராவது ஒரு நாள் வண்டியை எடுத்துப் போய்விட்டு வந்து "என்னங்க, ஸ்டியரிங் இப்படி ஆடுது?" என்று கேட்கும்போதுதான் உறைக்கும். அடுத்து பெரும்பாலோர் செய்வது, நேராக வீல் அலைன்மெண்ட் செய்யப் போவது. அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. தளர்ந்த மூட்டை வைத்துக்கொண்டு கோணத்தைச் சரிசெய்தால் மெஷின் திரையில் எல்லாம் பச்சையாகத்தான் காட்டும். வெளியே வந்து முதல் பள்ளத்தில் இறங்கியதும் கோணம் தன் இஷ்டத்துக்குப் போய்விடும்.

இன்னொரு வழக்கம், சத்தத்தைக் கேட்டே, வண்டியின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பரைக் காட்டி, "ஷாக் போச்சு" என்று தீர்ப்புச் சொல்வது. சத்தம் இடத்தைக் காட்டும், சில நேரம் அதையும் தப்பாகக் காட்டும். எந்தப் பாகம் என்பதைக் காட்டிக்கொடுப்பது அசைவு. சஸ்பென்ஷனில் ஒவ்வொரு மூட்டுக்கும் அசையலாம் என்று ஒரு திசை உண்டு, அசையவே கூடாது என்று ஒரு திசை உண்டு. பால் ஜாயிண்ட், அதாவது கிண்ணத்துக்குள் உருண்டை உட்கார்ந்த மூட்டு, சாயலாம், சுழலலாம். கிண்ணத்துக்குள் ஏறி இறங்கக் கூடாது. ரப்பர் புஷ், அதாவது உலோகப் பாகங்களுக்கு நடுவே போடும் ரப்பர் உருளை, முறுக்கிக்கொள்ளலாம். அதற்குள் இருக்கும் போல்ட் நடுவிலிருந்து விலகக் கூடாது. கீழே வரும் சோதனைகளில் பாதிக்கு மேல், கூடாத திசையில் ஆட்டிப் பார்ப்பதுதான்.

## தொடங்கும் முன்

முதலில் டயர் காற்று. வண்டி ஓடிச் சூடாகும் முன் பாருங்கள். அளவு பெரும்பாலும் ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். டயரின் பக்கச் சுவரில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, நிரப்ப வேண்டிய அளவு இல்லை. முன் டயர் இரண்டுக்கும் காற்றில் வித்தியாசம் இருந்தாலே போதும், குறைவான பக்கம் வண்டி இழுக்கும். இதைப் பார்க்காமல் பால் ஜாயிண்ட் வரை போனவர்கள் உண்டு.

வீல் நட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று ஒரு சுற்றுப் பாருங்கள். டிக்கியைக் காலி செய்துவிடுங்கள். சரியாக மாட்டாத ஸ்டெப்னியும் ஜாக்கியும் எழுப்பும் சத்தம், கெட்டுப்போன பின்பக்க ஷாக்கின் சத்தத்தை அப்படியே ஒத்திருக்கும்.

அடுத்து, டயரைப் படிப்பது. உள்ளங்கையை டயர் முகத்தின் குறுக்கே, உள்ளிருந்து வெளியே ஒரு தடவை, வெளியிலிருந்து உள்ளே ஒரு தடவை தடவிப் பாருங்கள். கம்பி துருத்திக்கொண்டிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுக் கையை வையுங்கள். ஒரு திசையில் வழவழப்பு, மறு திசையில் ரம்பப் பல் போலச் சொரசொரப்பு என்றால் டோ கோணம் தவறியிருக்கிறது. டோ என்பது, மேலிருந்து பார்த்தால் இரண்டு சக்கரங்களின் மூக்கும் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு. ஓர் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் கேம்பரையும், அதாவது சக்கரம் செங்குத்திலிருந்து சாய்ந்திருக்கும் அளவையும், டோவையும் சேர்த்தே சந்தேகப்படுங்கள். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நிமிர்ந்திருந்தால் காற்றுக் குறைவாக ஓடியிருக்கிறது. நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். சுற்றிலும் கிண்ணம் கிண்ணமாகக் குழிந்திருந்தால் ஷாக் செத்து, சக்கரம் சாலையில் குதித்துக் குதித்து ஓடியிருக்க வாய்ப்பு அதிகம். பேலன்ஸ் இல்லாத சக்கரமும் இதே வேலையைச் செய்யும்.

தூக்கும் விஷயத்தில் பேரம் கிடையாது. சமதளம், ஹேண்ட் பிரேக், தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு ஸ்டாண்ட். செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் அடுக்கி அதன் மேல் வண்டியை நிறுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவை விரிசல் விட்டு எச்சரிக்காது, ஒரே நொடியில் நொறுங்கும்.

## சின்ன மேடுபள்ளங்களில் "டக டக" என்று தட்டுகிறது

பெரிய பள்ளத்தில் அவ்வளவாகக் கேட்காது. கல் பரப்பிய சாலையில், ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறி இறங்கும்போது, மெதுவாகப் போகும்போது, உலோகம் உலோகத்தைத் தட்டும் சத்தம். இப்படி ஒருவர் சொன்னால் என் முதல் சந்தேகம் ஸ்டெபிலைசர் லிங்க் மேல்தான். லிங்க் ராடு என்றும் சொல்வார்கள். இடது வலது சக்கரங்களை இணைக்கும் ஸ்டெபிலைசர் கம்பியின் முனையை ஸ்ட்ரட்டுடனோ (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) லோயர் ஆர்முடனோ (சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் கீழ்க் கை) சேர்க்கும் குட்டைக் கம்பி அது. இரு முனையிலும் சின்ன பால் ஜாயிண்ட் இருக்கும். வளைவில் வண்டி சாயும்போது லிங்க் ஒரே பக்கமாக இழுபட்டே இருக்கும், அதனால் தளர்ந்திருந்தாலும் வாயைத் திறக்காது. கரடுமுரடான சாலையில் நொடிக்கு நொடி இழுப்பும் தள்ளலும் மாறுகிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு தட்டு.

இதைச் சோதிப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, நான் பட்டுத் தெரிந்துகொண்டது. என் வண்டியில் முன் இடது பக்கம் இதே சத்தம். அந்த ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி, லிங்க்கைப் பிடித்து ஆட்டினேன். கல் மாதிரி நின்றது. சரி, லிங்க் இல்லை என்று, ஸ்ட்ரட்டின் மேல் முனையை வண்டியோடு பிடித்திருக்கும் ஸ்ட்ரட் மவுண்ட்டை மாற்றினேன், அரை நாள் வேலை. சத்தம் அப்படியே இருந்தது. ஒரு சக்கரம் தொங்கி மறு சக்கரம் தரையில் இருக்கும்போது ஸ்டெபிலைசர் கம்பி முறுக்கிக்கொண்டு லிங்க்கை விறைப்பாக இழுத்துப் பிடித்துக்கொள்கிறது, தளர்வு எல்லாம் ஒளிந்துகொள்கிறது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. மறுநாள் வண்டியைத் தரையில் நிறுத்தி, சக்கர வளைவுக்குள் கையை விட்டு, லிங்க்கின் மேல் மூட்டில் விரல் நுனியை வைத்துக்கொண்டு, இன்னொருவரை வண்டியைப் பக்கவாட்டில் ஆட்டச் சொன்னேன். மூன்றாவது ஆட்டில் மூட்டு விரலில் "டொக்" என்று ஒரு சொடுக்குப் போட்டது. காதுக்கு எட்டாத சத்தம், ஆனால் விரலுக்குச் சந்தேகமே இல்லை. ஆக, லிங்க் பார்க்கும்போது இரண்டு சக்கரமும் தரையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டும் தொங்க வேண்டும்.

லிங்க் கெட்டியாக இருந்தால், ஸ்டெபிலைசர் கம்பியைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ரப்பர் புஷ்ஷைப் பாருங்கள். கம்பிக்கும் ரப்பருக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால், அல்லது கம்பி அந்த இடத்தில் பளபளவென்று மெருகேறியிருந்தால், அது போய்விட்டது.

இதற்கெல்லாம் முன்பே ஒரு காசில்லாச் சோதனை செய்துவிடலாம். சத்தம் வரும் சாலையில் மெதுவாகப் போகும்போது பிரேக்கை லேசாகத் தொட்டபடி ஓட்டுங்கள். சத்தம் உடனே நின்றால் அது சஸ்பென்ஷனே இல்லை; பிரேக் பேடோ அதைப் பிடித்திருக்கும் காலிப்பரின் வழிகாட்டிப் பின்னோ ஆடுகிறது.

சத்தம் கண்ணாடிக்குக் கீழே, பானட்டின் பின் மூலையிலிருந்து வருவது போல இருந்தால் ஸ்ட்ரட் மவுண்ட். பானட்டைத் திறந்து, மவுண்ட்டின் மேல் உள்ளங்கையை வைத்து, இன்னொருவர் அந்த மூலையை அமுக்கி விடட்டும். ஸ்ட்ரட் தண்டின் நட்டு ரப்பருக்குள் துள்ளுவது கையில் தெரியும். அந்த நடு நட்டை மட்டும் இருக்கிற இடத்தில் வைத்துக் கழற்றிவிடாதீர்கள். அமுங்கிய ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருப்பதே அதுதான்.

## பிரேக் போடும்போது ஒரு "டொக்", ரிவர்ஸில் இன்னொரு "டொக்"

திசை மாறும்போது ஒரே ஒரு தட்டு என்றால் லோயர் ஆர்ம் புஷ். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் நடை வேகத்தில் முன்னே உருட்டிச் சுருக்கென்று பிரேக் போடுங்கள், பிறகு பின்னே உருட்டி அதேபோல். ஒவ்வொரு திசை மாற்றத்துக்கும் ஒரு தட்டு விழுந்தால், ஆர்ம் முன்னும் பின்னும் நகர்கிறது. பிரேக் பேட் தன் கூட்டுக்குள் நகர்ந்தாலும் இப்படி ஒரு சத்தம் வரும், ஆனால் அது மெல்லிய "டிக்". புஷ் சத்தம் பாதத்தில் உணரும்படி கனமாக இருக்கும்.

பல முன்சக்கர இழுவை வண்டிகளில் ஆர்முக்கு இரண்டு புஷ் இருக்கும். முன்புறத்தது சின்னது, பின்புறத்தது பெரியது. பிரேக் விசையில் நீளவாக்கில் வரும் அதிர்வை விழுங்குவது பெரும்பாலும் பின்புறத்தது, முதலில் கிழிவதும் அதுதான். நெம்புகோலை ஆர்முக்கும் சட்டத்துக்கும் இடையே கொடுத்து நெம்பிப் பாருங்கள். ரப்பர் மேல் மெல்லிய வரி வரியான வெடிப்பு வயதின் அடையாளம்தான், அதற்காக மாற்ற வேண்டாம். ரப்பர் உலோகத்தை விட்டுப் பிரிந்திருந்தாலோ, நெம்பும்போது கிழிசல் வாயைத் திறந்தாலோ மாற்ற வேண்டும். சில வண்டிகளில் புஷ்ஷுக்குள் திரவம் இருக்கும். அடியில் கறுப்பாக ஒழுகிய தடம் தெரிந்தால் உள்ளே காலி.

## நேர் சாலையிலும் அலைகிறது

ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருந்தும் வண்டி இங்குமங்கும் நெளிகிறது, ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. எங்கோ ஒரு மூட்டில் கூடாத அசைவு இருக்கிறது என்று அர்த்தம். இந்த இடத்தில் பொறுமையாக நேரம் செலவழிக்கலாம்.

முதலில் வண்டி தரையில் இருக்கும்போதே. பவர் ஸ்டியரிங் என்றால் எஞ்சின் ஓடட்டும். ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் கொஞ்சம், ஆனால் வேகமாக, மாற்றி மாற்றித் திருப்பட்டும். நீங்கள் சக்கரத்தின் பக்கவாட்டில் குனிந்து டை ராடு எண்ட்டில், அதாவது ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்கு வரும் கம்பியின் முனை மூட்டில், விரலை வையுங்கள். ராடு நகர்ந்த பிறகு ஒரு கணம் கழித்து நக்கிள், அதாவது சக்கரத்தைத் தாங்கும் உலோகக் கூடு, நகர்ந்தால் அந்த மூட்டு தளர்ந்திருக்கிறது. அடுத்து உள்ளே, ரப்பர் உறைக்குள் இருக்கும் ராக் எண்ட்டை, அதாவது அதே கம்பியின் உள் மூட்டை, உறையோடு சேர்த்துப் பிடித்து உணருங்கள். அப்புறம் ஸ்டியரிங் ராக் முழுவதும் சட்டத்தில் நகர்கிறதா என்று பாருங்கள். அதைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ்ஷை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

பிறகு சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்ப்பது. கடிகார முகமாக நினைத்துக்கொள்ளுங்கள். 3, 9 மணி இடங்களைப் பிடித்துத் தள்ளி இழுங்கள்: ஆட்டம் இருந்தால் டை ராடு எண்ட் அல்லது ராக் எண்ட். 12, 6 மணி இடங்களைப் பிடித்து ஆட்டுங்கள்: ஆட்டம் இருந்தால் பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங். எந்தப் பக்கம் பிடித்தாலும் ஆடினால் பேரிங்தான் முதல் சந்தேகம். பால் ஜாயிண்ட்டா பேரிங்கா என்று பிரிக்க, ஆட்டிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் பிரேக்கை அழுத்தட்டும். பிரேக் டிஸ்க்கை நக்கிளோடு சேர்த்துக் கவ்விக்கொள்வதால் பேரிங் ஆட்டம் மறைந்துவிடும். பால் ஜாயிண்ட் ஆட்டம் மறையாது.

எங்கே ஜாக்கி வைக்கிறோம் என்பது இதில் விடையையே மாற்றிவிடும். ஏர்ல் மெக்ஃபர்சன் 1940களில் வடிவமைத்த ஸ்ட்ரட் வகை முன் சஸ்பென்ஷன்தான் இன்றைய சிறிய கார்களில் பெரும்பாலும் இருக்கிறது. அதில் ஸ்பிரிங் பாரம் மேலே மவுண்ட் வழியாகப் போகிறது, கீழ் பால் ஜாயிண்ட் பாரம் சுமப்பதில்லை. அதனால் சட்டத்தில் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டே ஆட்டிப் பார்க்கலாம். மேலும் கீழும் இரண்டு ஆர்ம் உள்ள வண்டியில், ஸ்பிரிங் கீழ் ஆர்ம் மேல் உட்கார்ந்திருந்தால் கதை வேறு. சட்டத்தில் தூக்கினால் ஸ்பிரிங் ஆர்மைக் கீழே தள்ளி, தேய்ந்த மூட்டையும் இறுகப் பிடித்து வைத்துவிடும். நீங்கள் எவ்வளவு ஆட்டினாலும் ஒன்றும் தெரியாது. அங்கே ஜாக்கியைக் கீழ் ஆர்முக்கு அடியில், பால் ஜாயிண்ட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வைத்து, பாரத்தை மூட்டிலிருந்து எடுத்துவிட்டு, டயருக்கு அடியில் நெம்புகோலைக் கொடுத்து மேலே தூக்கிப் பாருங்கள்.

பால் ஜாயிண்ட்டின் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வழிந்திருந்தால் ஆட்டம் இப்போது இல்லாவிட்டாலும் தண்ணீரும் மணலும் உள்ளே போயாயிற்று, கெடு தொடங்கிவிட்டது. ஆட்டம் தெளிவாகத் தெரிந்தால் அந்த வண்டியை ஓட்டாதீர்கள். லிங்க் உடைந்தால் சத்தத்தோடும் கொஞ்சம் கூடுதல் சாய்வோடும் வீடு வந்து சேரலாம். பால் ஜாயிண்ட் கிண்ணத்தை விட்டுக் கழன்றால் சக்கரம் மடங்கி வெளியே படுத்துவிடும். டை ராடு எண்ட் கழன்றால் அந்தச் சக்கரம் ஸ்டியரிங் சொல்வதைக் கேட்காது.

முன்பக்கம் எல்லாம் கெட்டியாக இருந்தும் அலைகிறதென்றால் பின்னால் போங்கள். வளைவில் வண்டியின் பின்பக்கம் ஒரு கணம் தாமதித்துத் தானே திரும்புவது போலத் தோன்றினால் பின் அச்சின் புஷ் தளர்ந்திருக்கிறது. ஓட்டுகிறவருக்கு இது ஸ்டியரிங் கோளாறு போலத்தான் தெரியும். ஆகவே முன்பக்கத்தையே திரும்பத் திரும்பப் பிரித்துக்கொண்டிருப்பார்கள்.

## ஒரு பக்கம் இழுக்கிறது

சாலை ஓரம் நோக்கிச் சரிந்திருந்தால் எந்த வண்டியும் அந்தப் பக்கம் மெல்ல நழுவும். அது கோளாறு இல்லை. சமமான சாலையில், காற்று சரியாக இருந்தும் இழுத்தால் முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். இழுப்பு எதிர்ப்பக்கம் திரும்பினால் டயர்தான். சுழலும் திசை குறியிட்ட டயர் என்றால் இப்படி மாற்ற முடியாது. அதே பக்கத்தில் முன்னையும் பின்னையும் மாற்றிப் பார்க்க வேண்டும்.

டயர் இல்லையென்றால், கொஞ்ச தூரம் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டிவிட்டு, ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள். தொடாதீர்கள், பக்கத்தில் போதும். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் ஒட்டிக்கொண்டு உரசுகிறது.

பிரேக் போடும்போது மட்டும் இழுத்தால் பிரேக், அல்லது முன்பு சொன்ன லோயர் ஆர்ம் புஷ். ஆக்சிலரேட்டர் கொடுத்தால் ஒரு பக்கம், காலை எடுத்தால் மறு பக்கம் என்று மாறி மாறி இழுத்தால், எனக்குத் தெரிந்தவரை புஷ்ஷை அடித்துக்கொள்ள ஆளில்லை. எப்போதும் ஒரே பக்கம் சீராக இழுத்தால், ஏதோ வளைந்திருக்கலாம். கேம்பர் எந்தப் பக்கம் வெளிநோக்கி அதிகம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமும், காஸ்டர், அதாவது பக்கவாட்டில் பார்த்தால் ஸ்டியரிங் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு, எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கமும் வண்டி போகும். கண்ணுக்குத் தெரியாது, மெஷினில்தான் பார்க்க வேண்டும். பெரிய பள்ளத்தில் விழுந்த பிறகு தொடங்கிய இழுப்பு என்றால் ஆர்மும் ஸ்ட்ரட்டும் நேராக இருக்கின்றனவா என்று எதிர்ப்பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

## திருப்பிய இடத்திலேயே நின்றுவிடுகிறது

வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்ப வேண்டும். திரும்பாமல் நின்றால், நேராக்கினாலும் எந்தப் பக்கம் கடைசியாகத் திருப்பினோமோ அந்தப் பக்கமே வண்டி இழுத்தால், ஏதோ ஒரு மூட்டு தளர்ந்ததற்குப் பதில் இறுகியிருக்கிறது. பெரும்பாலும் ஸ்ட்ரட்டின் மேலே இருக்கும் பேரிங். வண்டி நின்ற நிலையில் காயில் ஸ்பிரிங் மேல் லேசாக விரலை வைத்து, இன்னொருவரை ஸ்டியரிங்கைத் திருப்பச் சொல்லுங்கள். ஸ்பிரிங் ஸ்ட்ரட்டோடு சீராகச் சுழல வேண்டும். முறுக்கிக்கொண்டே போய்த் திடீரென்று "டங்" என்று விடுபட்டால் பேரிங் துருப்பிடித்து நின்றுபோயிருக்கிறது. கையை ஸ்பிரிங் சுருளுக்கு நடுவே நுழைக்காதீர்கள். பேரிங் நன்றாக இருந்தால் ஸ்டியரிங் தண்டின் மூட்டையும் பால் ஜாயிண்ட்டையும் பாருங்கள்.

## மிதக்கிறது, தலை குனிகிறது, மேட்டுக்கப்புறம் ஆட்டம் அடங்கவில்லை

இதுதான் உண்மையான ஷாக் அறிகுறி. பிரேக் போட்டால் மூக்கு தரையை முட்டப் போவது போலக் குனியும், ஒரு மேட்டைத் தாண்டினால் படகு மாதிரி இரண்டு மூன்று முறை எழுந்து விழும், வளைவில் குழி வந்தால் சக்கரம் பக்கவாட்டில் தத்தும்.

மூலையை அமுக்கி விட்டுப் பார்க்கும் சோதனை எல்லோருக்கும் தெரியும். அமுக்கி விட்டதும் ஒரு முறை எழுந்து, இறங்கி, நிற்க வேண்டும். அதற்கு மேல் ஆடினால் ஷாக் செத்துவிட்டது. ஆனால் ஆடாமல் நின்றால் ஷாக் நல்லது என்று அர்த்தம் இல்லை. கையால் அமுக்கும் வேகம் மிகக் குறைவு, புஷ்களின் இறுக்கமே வண்டியை நிறுத்திவிடும். பாதி உயிரோடு இருக்கும் ஷாக் இந்தத் தேர்வில் சுலபமாகப் பாஸாகிவிடும்.

அதைவிட எனக்குப் பிடித்தது சூடு பார்ப்பது. ஷாக்கின் வேலையே சக்கரத்தின் ஆட்டத்தை எண்ணெய் வழியாகச் சூடாக மாற்றுவது. கரடுமுரடான சாலையில் கால் மணி நேரம் ஓட்டிவிட்டு உடனே இடது வலது ஷாக்குகளின் உடம்பைத் தொட்டுப் பாருங்கள், கவனமாக, பக்கத்தில் இருக்கும் சைலன்சரையும் பிரேக்கையும் தவிர்த்து. ஒன்று சூடாகவும் மற்றது சில்லென்றும் இருந்தால், சில்லென்று இருப்பது வேலை செய்யவில்லை.

ஷாக் மேல் லேசான எண்ணெய்ப் பூச்சும் அதில் ஒட்டிய தூசியும் சாதாரணம். ஈரமாக வழிந்து கீழ்ப்பாதி நனைந்திருந்தால் சீல் போயிற்று. மாற்றினால் ஓர் அச்சின் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் பழையது என்றால் வளைவில் வண்டி இடதுக்கு ஒரு மாதிரியும் வலதுக்கு ஒரு மாதிரியும் நடந்துகொள்ளும். பம்ப் ஸ்டாப் என்கிற அந்த நுரை ரப்பர் துண்டையும் அப்போதே பாருங்கள். பழைய வண்டிகளில் அது பொடிப்பொடியாக உதிர்ந்திருக்கும். அது இல்லாமல் புது ஷாக் போட்டால் அடுத்த பெரிய பள்ளத்தில் தண்டு அடிமட்டம் வரை போய் முட்டும்.

## ஒரு மூலை தாழ்ந்திருக்கிறது

சமதளத்தில், டிக்கி காலியாக, சக்கரத்தின் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து இடதையும் வலதையும் ஒப்பிடுங்கள். கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கண் ஏமாற்றும். தாழ்ந்த பக்கம் காயில் ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றைத் துடைத்துப் பாருங்கள். தண்ணீரும் சேறும் தேங்கித் துரு தின்பது அங்கேதான், உடைவதும் அங்கேதான். உடைந்த துண்டு ஸ்பிரிங் உட்காரும் தட்டிலேயே கிடந்தால் சேற்றுக்கடியில் தெரியவே தெரியாது. அந்தக் கூர்முனை டயரின் உள்பக்கத்தைக் கிழிக்கும் தூரத்தில் இருப்பதால், உடைந்த ஸ்பிரிங்கோடு ஓட்டக் கூடாது.

பட்டை ஸ்பிரிங் வண்டியில் தாழ்வு மட்டும் பார்த்தால் போதாது. நடு போல்ட் அறுந்தோ யூ போல்ட் தளர்ந்தோ இருந்தால் அச்சே நகர்ந்துவிடும். பின்னால் நின்று பார்த்தால் வண்டி நண்டு மாதிரி கோணலாகப் போவது தெரியும்.

## ஊளை, அதிர்வு, உதறல்

வேகம் கூடக் கூட ஏறும் ஊளைச் சத்தம், எஞ்சின் சுற்றோடு சம்பந்தமில்லை என்றால், வீல் பேரிங் அல்லது கிண்ணமாய்த் தேய்ந்த டயர். ஓடும்போது மெதுவாக இடதுக்குத் திருப்பினால் பாரம் வலதுக்குப் போகும். அப்போது சத்தம் ஏறினால் பெரும்பாலும் வலது பேரிங். உறுதி செய்ய, சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிவிட்டு, மறு கையால் காயில் ஸ்பிரிங்கைத் தொடுங்கள். கெட்ட பேரிங்கின் கரகரப்பு ஸ்பிரிங் வழியாக விரலுக்கு வந்துவிடும்.

குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஸ்டியரிங் நடுங்கினால் முதலில் வீல் பேலன்சிங். பிரேக் போடும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க். முழுதாகத் திருப்பி ஓட்டும்போது "கட கட" என்றால் எஞ்சின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட்டின் வெளி மூட்டு (சி.வி. ஜாயிண்ட்), சஸ்பென்ஷன் இல்லை.

முன்னால் நேர் அச்சு உள்ள வண்டிகளில் ஒரு பயங்கர உதறல் உண்டு. ஒரு குழியில் ஏறியதும் முன் அச்சு முழுவதும் இடமும் வலமும் வெறிபிடித்தது போல ஆடும், வேகத்தைக் குறைத்தால்தான் அடங்கும். அச்சைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் டிராக் பாரின் புஷ்ஷும் அதன் போல்ட் துளையும்தான் முதலில் பார்க்க வேண்டியவை, பிறகு டை ராடு எண்ட்கள், பால் ஜாயிண்ட்கள். ஸ்டியரிங்கின் அதிர்வை அடக்கும் ஸ்டியரிங் டாம்பரைப் புதிதாகப் போட்டால் உதறல் நின்ற மாதிரி இருக்கும். நோய் அப்படியே இருக்கும்.

## மாற்றும்போது

புஷ் உள்ள எந்த போல்ட்டையும் சக்கரம் தொங்கும் நிலையில் கடைசி இறுக்கம் இறுக்காதீர்கள். ரப்பர் புஷ் சுழல்வதில்லை, முறுக்கத்தான் செய்கிறது. தொங்கும்போது இறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதிலிருந்து அந்த ரப்பர் எப்போதும் முறுக்கியபடியே இருக்கும். புது புஷ் சில மாதங்களிலேயே கிழிவதற்கு இதுதான் வழக்கமான காரணம். போல்ட்டைக் கையிறுக்கமாக விட்டு, பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகு, டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள்.

டை ராடு எண்ட்டைக் கழற்றும் முன் லாக் நட் இருக்கும் இடத்தைப் பெயிண்ட்டால் குறித்து, எத்தனை சுற்றில் வெளியே வருகிறது என்று எண்ணி, புதியதை அதே சுற்றில் போடுங்கள். ஸ்பிலிட் பின் துளை ஒத்துவராவிட்டால் நட்டை அடுத்த துளை வரை இறுக்குங்கள், ஒருபோதும் தளர்த்தாதீர்கள். ஷாக் தண்டைக் கொறடால் பிடிக்க வேண்டாம். அதில் விழும் கீறல் சீலைத் தின்றுவிடும். ஸ்ட்ரட்டிலிருந்து ஸ்பிரிங்கைப் பிரிக்கும் வேலையை, நல்ல ஸ்பிரிங் கம்ப்ரஸரும் அதில் பழக்கமும் இல்லாவிட்டால் பட்டறைக்கு விட்டுவிடுங்கள். கீச்சிடும் ரப்பருக்கு எஞ்சின் ஆயில் விடுவதும் வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும். சிலிகான் ஸ்பிரே அடித்துச் சத்தம் நின்றால் எந்த புஷ் என்று கண்டுபிடித்தாயிற்று என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போதுதான் அலைன்மெண்ட். ஆர்ம், டை ராடு, ஸ்ட்ரட் எதைத் தொட்டிருந்தாலும் செய்தாக வேண்டும். லிங்க் மட்டும் மாற்றியிருந்தால் தேவையில்லை. நான்கு சக்கரத்தையும் அளக்கச் சொல்லுங்கள். பின் சக்கரங்களின் டோ ஒரு பக்கமாகத் தவறியிருந்தால், முன்பக்கத்தை எவ்வளவு சரியாக வைத்தாலும் வண்டி நேராகப் போகும்போது ஸ்டியரிங் கோணலாகவே நிற்கும். செய்து முடித்த பிறகு, சத்தம் முதலில் கேட்ட அதே சாலையில், அதே வேகத்தில், ஜன்னலைத் திறந்துவைத்து ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். திரும்பி வந்ததும் வீல் நட்டுகளை இன்னொரு முறை டார்க் ரெஞ்சால் தொட்டுவிடுங்கள்.